கட்டிலோடு ஒட்டித் தொட்டில்: பச்சைப்பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைப்பது எப்படி?

மன்னார்குடிப் பக்கம் அம்மா வீட்டுக்கு ஐப்பசி அடைமழையில்தான் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உத்தரத்தில் தூளி தயாராகத் தொங்கியது. அண்ணன் வேறு ஒரு பெட்சைடு கிரிப் வாங்கி வந்து இறக்கினான். நாலு பக்கத்தில் ஒன்றைத் தாழ்த்தி நம் கட்டிலோடு சேர்த்துக் கட்டுகிற சின்னத் தொட்டில் அது. எழுந்திருக்காமலே கை நீட்டிப் பிள்ளையைத் தொடலாம், சிசேரியன் தையலோடு படுத்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

முதலில் இஞ்ச் டேப்பை எடுங்கள். தாழ்த்திய பக்கத்தின் மேல்விளிம்பும் நம் மெத்தையின் மேல்மட்டமும் சமமாக நிற்க வேண்டும், குழந்தையின் மெத்தை அதற்கு நாலைந்து அங்குலம் கீழே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில், பக்கப்பலகை மெத்தைக்கு மேலே எழும்பி நிற்கும். கிரிப்பை ஒட்டித் தள்ளினால் பலகை இடித்து, நடுவே என் கை முழுசாக இறங்குகிற அளவுக்கு ஒரு சந்து. பிள்ளையின் முகம் அதற்குள் போனால்? பழைய புடவையைச் சுருட்டி அடைத்துவிடலாம் என்றார் அம்மா. அதைச் செய்யவே செய்யாதீர்கள், ராத்திரியில் துணி நெகிழ்ந்து மூக்கை மூடும். சந்து விழுகிறதா, நாலாவது பக்கத்தையும் தூக்கிப் பூட்டி, தனித் தொட்டிலாகக் கட்டில் பக்கத்தில் வைத்துவிடுங்கள். மாடியில் கிடந்த பலகையில்லாத திவானை இறக்கும் வரை நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

பொருத்தும்போது கிரிப்பைக் கட்டிலோடு கட்டும் வாரை மெத்தைக்கு அடியில் விட்டு, கட்டில் சட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் மாட்டி இறுக்குங்கள். நாம் ஏறி இறங்க அது தளரும். தினமும் படுக்கும் முன் இடுப்பால் ஒரு இடி இடித்துப் பாருங்கள்.

உள்ளே என்ன வைக்கலாம்? இழுத்து விரித்த ஒரு விரிப்பு, அவ்வளவுதான். மெத்தை கையால் அழுத்தினால் குழியாமல் உடனே நிமிர வேண்டும், ஓரத்தில் இரண்டு விரல் நுழையக் கூடாது. இலவம்பஞ்சுத் தலையணை, கடுகுத் தலையணை, பொம்மை, போர்வை எல்லாம் வெளியே. கண்ணேறுக்கு இரும்பும் வேப்பிலையும் வைத்தே ஆக வேண்டும் என்றால் வாசல் நிலையில் செருகட்டும். தூங்கும்போது வசம்பு வளையலையும் கழற்றிவிடுங்கள்.

படுக்க வைப்பது மல்லாக்கத்தான், பகலிலும். கக்கினால் புரையேறும், ஒருக்களித்துப் போடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால் கக்கியது மூச்சுக்குழாய்க்குள் ஏறுவது கடினம். அமெரிக்காவில் 1994-ல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பெரிய பிரச்சாரமே நடத்தினார்கள், அடுத்த சில ஆண்டுகளில் தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. இதைச் சொன்ன பிறகுதான் அம்மா சமாதானமானார். தலை தட்டையாகும் என்ற கவலைக்கு, விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

குல்லா வேண்டாம், ஃபேன் ஓடட்டும். கை சில்லென்று இருந்தால் பதறாதீர்கள், பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வேர்த்திருந்தால் துணியைக் குறையுங்கள். கொசுவலையைக் கட்டிலுக்கும் கிரிப்புக்கும் சேர்த்து மேலிருந்து கட்டுங்கள், தொய்ந்து முகத்தில் விழாதபடி. சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்தியும் அந்த அறைக்குள் வேண்டாம், பீடி சிகரெட் வாசமும்தான்.

அப்புறம் அந்த மூன்று மணிப் பால். தூக்கம் கண்ணைச் சொருகும் என்று தெரிந்தால் சோபாவிலோ ஈஸிசேரிலோ உட்காராதீர்கள், அது கட்டிலைவிட மோசம். கட்டிலிலேயே, தலையணை போர்வைகளை ஒதுக்கிவிட்டுக் கொடுங்கள், கண்ணயர்ந்துவிட்டால் விழித்த நொடியில் பிள்ளையைக் கிரிப்புக்கு மாற்றுங்கள். தூளியா? பகலில் பார்த்துக்கொண்டே ஆட்டுங்கள். ராத்திரி முழுக்க அதில் விட்டால் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் அழுந்தும், மூச்சு அடைபடலாம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் எல்லாவற்றுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

கவிழவோ கையை ஊன்றி எழும்பவோ தொடங்கினால் கிரிப்பின் காலம் முடிந்தது, அதே அறையில் உயரத் தடுப்புள்ள தொட்டிலுக்கு மாற்றுங்கள். என் மகள் நாலரை மாதத்தில் குப்புற விழுந்தாள். அம்மா அடுப்படியில் அதற்குக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தார், நான் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.