கலைச் சேகரிப்பை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதற்கு முன்

வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஓவியங்களையும் சிலைகளையும் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டீர்களா? பத்திரம் எழுதுவதற்கு முன் ஸ்காட்லாந்துக் கப்பல் அதிபர் வில்லியம் பர்ரெலுக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1944-இல் அவரும் மனைவியும் தங்கள் சேகரிப்பை கிளாஸ்கோ நகரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். கட்டடத்துக்காக 4,50,000 பவுண்டும் தந்தார்கள். ஆனால் அதற்கான அருங்காட்சியகம் திறந்தது 1983-இல். பர்ரெல் 1958-லேயே இறந்துவிட்டார்.

தாமதத்துக்குப் பெரிய காரணம் ஒரு நிபந்தனை: நகர மையத்திலிருந்து குறைந்தது 16 மைல் தள்ளித்தான் கட்ட வேண்டும். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது, ஏனென்றால் அன்றைய கிளாஸ்கோவின் நிலக்கரிப் புகை நூலால் சித்திரம் நெய்த பழைய திரைச்சீலைகளை அரித்துவிடும். ஆனால் அப்படி ஓர் இடம் அமையவே இல்லை. நகரத்துக்குள்ளேயே இருந்த பொல்லாக் தோட்டம் 1967-இல் கிடைத்து, காற்றும் ஓரளவு சுத்தமான பிறகு, பர்ரெலின் நிபந்தனைகளைக் காக்கும் பொறுப்பில் இருந்த அறங்காவலர்கள் அந்த இடத்துக்குச் சம்மதித்தார்கள். ஆகவே மைல் கணக்கை எழுதாதீர்கள், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். நிலைமை மாறினால் நிபந்தனையைத் தளர்த்தும் அதிகாரம் யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெளிநாட்டுக்கு இரவல் தரக் கூடாது என்ற அவருடைய இன்னொரு நிபந்தனையைத் தளர்த்த 2014-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது!

அப்புறம், கணக்கு. இதில் பர்ரெலை அப்படியே பின்பற்றலாம். 1911 முதல் வாங்கிய பொருள், விலை, யாரிடம் வாங்கியது என்று 28 நோட்டுகளில் குறித்து வைத்தார். ரசீது, பழைய கடிதம், ஏலப் பட்டியல் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பொருள் உங்கள் கைக்கு வருவதற்கு முன் யார் யாரிடம் இருந்தது என்பதையும் விசாரியுங்கள். நாஜி ஆட்சியில் கட்டாயத்தின் பேரில் விற்கப்பட்ட ஓவியம் ஒன்று பர்ரெல் சேகரிப்பில் இருந்தது. அதை உரியவர்களிடம் திருப்பித் தரும்படி நாஜி காலத்தில் பறிபோன கலைப்பொருள்களை விசாரிக்கும் பிரிட்டனின் ஆலோசனைக் குழு 2004-இல் பரிந்துரைத்தது.

கட்டடத்துக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதாது, பராமரிப்புக்கும் ஒதுக்குங்கள். 1983-இல் திறந்த கட்டடம் நாளடைவில் கூரை ஒழுகி, 2016-இல் மூடி, புதுப்பித்து 2022-இல்தான் மறுபடி திறந்தார்கள்.

கையெழுத்துப் போடும் முன், அந்த அருங்காட்சியகத்தின் கிடங்கைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பொருள்களில் எத்தனை காட்சிக்கு வரும், எத்தனை அங்கேயே கிடக்கும் என்று நேராகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.