வேகவைத்த மண்ணுக்கு உடனே விருந்து வைக்காதீர்கள்

பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் விரிப்புக் குடில்) குடைமிளகாயில், வேரில் முடிச்சு போடும் வேர்முடிச்சு நூற்புழு ஏறிவிட்டால், பாத்தியை மூடி நீராவி விடுவது உண்டு. 70 டிகிரியில் அரை மணி நேரம் நின்றால் நூற்புழுவும் பெரும்பாலான நோய்ப் பூஞ்சைகளும் ஒழிந்துவிடும். புதியவர்கள் பயிரைத் தொலைப்பது அதற்குப் பிறகுதான்.

ஆவி ஆறுமுன் கோழி எரு

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. "மண் செத்துப்போச்சு, சத்துக் கொடுக்கணும்" என்று கோழி எருவையும் வேப்பம் புண்ணாக்கையும் மூட்டை மூட்டையாக இறக்குகிறார்கள். மண் முழுதாகச் சாவதில்லை. எருவைச் சிதைத்து அம்மோனியம் ஆக்கும் பேசில்லஸ் வகை பாக்டீரியாக்கள் வித்துகளாகி சூட்டைத் தாங்கிவிடும். அந்த அம்மோனியத்தை நைட்ரேட் ஆக்கும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபேக்டர் பாக்டீரியாக்கள் தாங்காது. மீண்டும் பெருகப் பல வாரம் பிடிக்கும். அதுவரை அம்மோனியம் தேங்கும். களர்ப்பாங்கான (காரத்தன்மை மிகுந்த) மண்ணில் அது அம்மோனியா வாயுவாகி வேரைச் சுடும். வேப்பம் புண்ணாக்கு நைட்ரேட் ஆகும் வேலையை இன்னும் மந்தமாக்கும். நூற்புழுவுக்கு அது நல்ல சரக்குதான், போடும் நேரம்தான் தப்பு.

நட்ட சில நாளில் இலை ஓரம் கருகி, வேர் நுனி பழுப்பாகும். வேரழுகல் என்று நினைத்துத் தண்ணீரோடு மருந்தையும் ஊற்றுவார்கள். ஈரம் மிஞ்சினால் காற்றோட்டம் குறைந்து நிலைமை மோசமாகும்.

முதலில் நன்கு மக்கிய, மண்வாசம் வரும் மண்புழு உரம் மட்டும் சதுர மீட்டருக்கு அரை கிலோ போடுங்கள். போன நுண்ணுயிர்கள் திரும்ப அது உதவும். பிடித்தால் உருண்டு, தட்டினால் உதிரும் ஈரத்தில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். பிறகு 15 செ.மீ. ஆழத்து மண்ணைப் பாட்டிலில் பாதி நிரப்பி, ஈரப்படுத்தி, கடுகு தூவி இறுக மூடுங்கள். சூடேற்றாத மண்ணில் இன்னொரு பாட்டில். நாலாம் நாள் இரண்டிலும் முளைப்பு ஒன்றுபோல் இருந்தால் நடலாம். கோழி எரு, புண்ணாக்கு எல்லாம் பயிர் வேர்பிடித்த பின், சிறுகச் சிறுக.

டிரைக்கோடெர்மாவை வெறும் மண்ணில் தூவுவது

டிரைக்கோடெர்மா நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நல்ல பூஞ்சை; தின்ன ஒன்றுமில்லாத மண்ணில் அது நிலைக்காது. 100 கிலோ மக்கிய தொழு உரத்தில் 1 கிலோ டிரைக்கோடெர்மா கலந்து, நிழலில் ஈரச்சாக்கு மூடி, 15 நாள் பெருக்கி, மண் ஆறிய பிறகு மாலையில் இடுங்கள்.

85 டிகிரி தாண்டிச் சூடேற்றுவது

புளிப்புச் செம்மண்ணில் மாங்கனீசு நஞ்சாகும்.

ஆழ உழுவது

வேண்டாம். சூடு எட்டாத அடிமண்ணின் நூற்புழு மேலே வரும்.

பக்கத்துத் தோட்டத்து மண்வெட்டி

கழுவாமல் உள்ளே விடாதீர்கள்.