வீட்டில் நித்திய சிவபூஜை: பஞ்சசுத்தியில் தடுக்கி விழாமல் செய்வது எப்படி?

அபிஷேகமும் அலங்காரமும் யூடியூபில் பார்த்தே பழகிவிடலாம். அதற்கு முன்னால் வரும் பஞ்சசுத்தியை, அதாவது ஐந்து தூய்மைப்படுத்தல்களை, யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை, ஏனென்றால் பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை; ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் ஆகம வழியில் பூஜையின் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. சிவமாக ஆகித்தான் சிவனைப் பூசிக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டுச் சிவாசாரியார்கள் பெரும்பாலும் பின்பற்றும் பத்ததி (பூஜை முறைநூல்) 12-ஆம் நூற்றாண்டின் அகோர சிவாசாரியாருடையது. அதில் ஐந்து சுத்திகள்: ஆத்மசுத்தி (தன்னை), ஸ்தானசுத்தி (இடத்தை), திரவியசுத்தி (பொருட்களை), மந்திரசுத்தி, லிங்கசுத்தி.

முதலில் ஒரு எச்சரிக்கை. லிங்கம் வைத்து முழுமையான ஆன்மார்த்த பூஜை (தனக்காக வீட்டில் செய்யும் பூஜை) செய்வது தீட்சை பெற்றவர்களுக்கு உரியது. தீட்சை இல்லாதவர்கள் படத்துக்கோ விளக்குக்கோ செய்யுங்கள். பீஜ மந்திரங்களை (ஓரசை மந்திரங்களை) தொடாமல் "சிவாயநம" என்ற ஐந்தெழுத்து மட்டும் போதும். கீழே சொல்வதில் பாவனையாக (மனத்தில் கற்பனை செய்து) செய்யக்கூடியவை எல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

வேண்டியவை

பஞ்சபாத்திரம், உத்தரணி, ஒரு தாம்பாளம், சின்ன மணி, விபூதி, சந்தனம், பூ, வில்வம், இரண்டு வாழைப்பழம், நல்லெண்ணெய் விளக்கு. நீருக்குச் செம்பு நல்லது. பாலுக்கும் தயிருக்கும் செம்பு கூடாது, வெள்ளிக் கிண்ணம் எடுங்கள். அபிஷேகத்துக்கு அரை டம்ளர் பால் தாராளம். லிட்டர் கணக்கில் ஊற்றுவது வீட்டுப் பூஜைக்குத் தேவையே இல்லாத ஆடம்பரம் என்பது என் கட்சி.

புதுச்சேரியில் வில்வம் பெரிய மார்க்கெட் பூக்கடைகளில் கேட்டால் கிடைக்கும். திங்கள், அமாவாசை, பௌர்ணமி, சதுர்த்தி, அஷ்டமி, நவமி நாட்களில் பறிப்பதில்லை. முந்தின நாளே எடுத்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். வில்வத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: கழுவி மறுபடியும் சாத்தலாம்.

விபூதியையும் கற்பூரத்தையும் இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். நம் கடற்கரை ஈரத்துக்கு விபூதி இரண்டே நாளில் கட்டி பிடிக்கும்.

உட்காரும் திசை

வடக்கு நோக்கி உட்காருங்கள். சிவபூஜையில் பூசிப்பவருக்கு அதுதான் முறை. கிழக்கு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால், கடலூரிலும் புதுச்சேரியிலும் கடற்காற்று விளக்கை அணைத்துக்கொண்டே இருக்கும் என்பது கூடுதல் காரணம்.

ஆசமனம் மூன்று முறை. உள்ளங்கையில் உளுந்து மூழ்கும் அளவு நீர் போதும். விபூதியை நீரில் குழைத்து மூன்று கோடாகப் பூசுவது தீட்சை உள்ளவர்களுக்கு. மற்றவர்கள் உலர்ந்ததாகவே பூசுங்கள். பிறகு மூன்று பிராணாயாமம், நிதானமாக.

ஆத்மசுத்தி: எல்லோரும் சறுக்கும் இடம்

இதற்குள்தான் பூதசுத்தி வருகிறது. உடம்பை ஐந்து பூதங்களாகப் பிரித்துப் பாவிக்க வேண்டும். வடிவமும் நிறமும் மனப்பாடம் ஆகாமல் தொடங்காதீர்கள். பண்ருட்டி பக்கத்துத் திருவதிகையைச் சேர்ந்த மனவாசகம் கடந்தார் உண்மை விளக்கத்தில் இதை இரண்டே வெண்பாவில் அடக்கிவிட்டார். நிலம் நாற்கோணம், பொன் நிறம். நீர் பாதி நிலா, வெண்மை. தீ முக்கோணம், சிவப்பு. காற்று அறுகோணம், கருமை. வான் வட்டம், புகை நிறம்.

உடம்பில் எல்லை: பாதம் முதல் முழங்கால் வரை நிலம், முழங்கால் முதல் நாபி வரை நீர், நாபி முதல் இருதயம் வரை தீ, இருதயம் முதல் புருவ நடு வரை காற்று, அதற்கு மேல் உச்சி வரை வான். முறைக்கு முறை இது மாறும். உங்கள் குரு வேறு எல்லை சொல்லியிருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

செய்யும் வரிசை இப்படி. இருதயத்தில் இருக்கும் உயிரை நடுநாடி (முதுகுத்தண்டின் நடுவே போவதாகச் சொல்லும் நாடி) வழியாக மேலே ஏற்றி, உச்சிக்குப் பன்னிரண்டு விரற்கடை மேலே துவாதசாந்தத்தில் சிவனிடம் சேர்த்து வைக்கிறோம். பிறகு நிலம் நீரில் ஒடுங்க, நீர் தீயில் ஒடுங்க, தீ காற்றில், காற்று வானில் ஒடுங்குவதாகப் பாவனை. அடுத்து, வலது கால் பெருவிரலிலிருந்து தீ கிளம்பி, மலம் எனப்படும் ஆன்ம அழுக்கு படிந்த உடம்பை எரிக்கிறது. எரிந்த இடத்தில் மேலிருந்து அமுதம் கொட்டி நனைக்கிறது. புதிய, தூய உடம்பு உண்டாகிறது. கடைசியில் மேலே வைத்த உயிரைத் திரும்ப இருதயத்தில் கொண்டுவந்து வைக்கிறோம்.

இந்தக் கடைசி வரியைத்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். எரிப்பது வரை சுவாரசியமாக இருக்கும்; அமுதம் வந்ததும் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடுவார்கள். பிறகு தலை கனக்கிறது, நாள் முழுக்க ஒரு மந்தம் என்று புகார். ஏற்றியதை இறக்காமல் எழுந்திருக்காதீர்கள். ஏற்றுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்தீர்களோ, இறக்குவதற்கும் குறையாமல் அவ்வளவு எடுங்கள்.

இன்னொரு தவறு, ஒவ்வொரு பூதத்துக்கும் மூச்சை அடக்கிப் பிடிப்பது. தொடக்கத்தில் கும்பகமே வேண்டாம், இயல்பான மூச்சில் செய்யலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கும்பகத்தை அறவே தவிர்க்க வேண்டும். மூன்றாவது, நிறங்களைச் சினிமா மாதிரித் துல்லியமாகப் பார்க்க முயல்வது. பார்வை வரவில்லை என்று ஒரே இடத்தில் நின்றுவிடுவார்கள். வடிவத்தின் பெயரைச் சொல்லி, கவனத்தை உடம்பின் அந்தப் பகுதியில் வைத்தாலே போதும். முதல் சில மாதங்களுக்கு இந்த ஒரு படிக்கே பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

அதைத் தொடர்ந்து நியாசம்: உடம்பைத் தொட்டுச் சிவனின் ஐந்து முகங்களின் மந்திரங்களை அங்கங்கே வைப்பது. உச்சியில் ஈசானம், முகத்தில் தத்புருஷம், இருதயத்தில் அகோரம், குறியில் வாமதேவம், பாதத்தில் சத்யோஜாதம். விரல்களில் பெருவிரலில் தொடங்கிச் சிறுவிரலில் முடியும் வரிசையும் இதேதான். தீட்சை இல்லாதவர்கள் அதே ஐந்து இடங்களையும் தொட்டு "சிவாயநம" என்று சொல்லலாம்.

மற்ற நான்கும்

ஸ்தானசுத்தி சீக்கிரம் முடியும்: நீர் தெளித்து, மூன்று முறை கை தட்டி, திசைகளில் சொடுக்குப் போட்டு அவற்றைக் காவலாகக் கட்டுங்கள்.

திரவியசுத்தியில் பொருட்களைப் பார்ப்பது, நீர் தெளிப்பது, மெல்லத் தட்டுவது, மறுபடி நீர் தெளித்து மூடுவது என்று நான்கு சடங்குகள், பிறகு தேனு முத்திரை (பசுவின் மடி போல விரல்களைக் கோப்பது). பூவையும் பழத்தையும் தனித்தனியாகச் செய்ய வேண்டியதில்லை, ஒரே தாம்பாளத்தில் வைத்தால் ஒருமுறை போதும். மந்திரசுத்தி, பிரணவத்தோடு சேர்த்து மூல மந்திரத்தைக் குறில், நெடில் பிசகாமல் சொல்வது.

லிங்கசுத்தியில் பழைய பூவை எடுத்துச் சண்டேசருக்கு ஒதுக்கி வையுங்கள். கழுவும்போதும் லிங்கத்தின் தலை வெறுமையாக இருக்கக் கூடாது, ஒரு பூவாவது இருக்கட்டும். அதன் பின் ஆவாஹனம் (இறைவனை எழுந்தருளச் செய்வது), சந்தனம், பூ, தூபம், தீபம், நைவேத்தியம். கடைசியில் 108 ஜபம். உருத்திராக்க மாலையில் மேருவை (தலைமணியை) தாண்டாமல் திருப்புங்கள், சுட்டுவிரல் மணியில் படக்கூடாது. ஜபம் முடிந்ததும் ஒரு உத்தரணி நீரோடு பலனை இறைவன் கையில் ஒப்படைத்துவிடுங்கள்.

கடலூர் மாவட்டத்துக்காரர்கள் பலர் சிதம்பரத்தில் பார்த்ததை அப்படியே வீட்டில் செய்யப் பார்க்கிறார்கள். அங்கே தீட்சிதர்கள் செய்வது பதஞ்சலி பத்ததி, இது வேறு மரபு. அதுபோல, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடித் தொகுப்பு 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தது. அங்கிருந்து வந்த ஆகமப் பதிப்புகள் அருமையானவை. ஆனால் அவை ஒப்பிட்டுப் படிக்க. தினமும் கையில் வைத்துச் செய்வதற்குச் சின்னப் பத்ததிப் புத்தகம் போதும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

லிங்கத்தின் மேல் வெள்ளையாகப் படிகிறது என்று பலர் எழுதினார்கள். அது போர் தண்ணீரின் உப்பு. அபிஷேகம் முடிந்ததும் கேன் தண்ணீரால் ஒருமுறை கழுவி, உடனே பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பித்தளைச் சாமான்களுக்குப் புளி சரி. பளிங்கு (மார்பிள்) லிங்கத்தில் புளியோ எலுமிச்சையோ பட்டால் மெருகு போய்விடும், திரும்ப வராது.

வெளியூர் போகும் நாட்களில் என்ன செய்வது? தீட்சை பெற்று லிங்கம் வாங்கியவர்கள் அதைச் சம்புடத்தில் (சிறு பேழையில்) வைத்து உடன் எடுத்துப் போவதுதான் முறை. மற்றவர்களுக்கு மானச பூஜை, அதாவது மனத்திலேயே செய்வது. உபசாரங்களைச் சுருக்கிக்கொள்ளலாம், பூதசுத்தியைச் சுருக்காதீர்கள். ரயில் இருக்கையில் உட்கார்ந்தும் செய்யலாம், இறங்கும் நிலையம் வரக் கால் மணி நேரம்கூட இல்லாதபோது தொடங்காமல் இருந்தால் சரி.