ஒரு பழைய எல்லைப்புற ஊர் குதிரைத் தபாலில் என்ன வேலை பார்த்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் குதிரையும் ஆளும் மாறி மாறித் தபாலைக் கொண்டுபோன சேவைதான் குதிரைத் தபால், அதாவது போனி எக்ஸ்பிரஸ். மிசௌரியில் தொடங்கி நெவாடா, கலிபோர்னியா வரை அந்தப் பழைய தடத்தில் வண்டி ஓட்டிப் போனால் ஊருக்கு ஊர் ‘போனி எக்ஸ்பிரஸ் இங்கே நின்றது’ என்று பலகை வைத்திருப்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் நின்றது என்றால் என்ன, அங்கே யார் என்ன செய்தார்கள் என்பதைப் பலகை சொல்லாது, அதை நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

முதலில் காலத்தைப் பாருங்கள். இந்தச் சேவை 1860 ஏப்ரல் 3-இல் தொடங்கி 1861 அக்டோபரில் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் அதே பாதையில் குதிரைகள் இழுக்கும் பயணிகள் கோச்சு வண்டிகள் ஓடின. பல இடங்களில் இரண்டுக்கும் ஒரே லாயம், ஒரே ஆள். அதனால் 1866-இல் கட்டிய ஒரு கோச்சு நிலையத்தைக் காட்டி குதிரைத் தபால் நிலையம் என்று யாராவது சொன்னால் ஆண்டைக் கேளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்த கேள்விதான் முக்கியம்: அந்த ஊரில் எது முடிந்து எது தொடங்கியது? குதிரைத் தபால் கிளம்பிய கிழக்கு முனையான செயின்ட் ஜோசப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மிசௌரி ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊருக்கு 1859-இல் ஹனிபலிலிருந்து ரயில் வந்துவிட்டது, தந்தியும் இருந்தது. ஆற்றைத் தாண்டி மேற்கே கலிபோர்னியா வரை போகும் தண்டவாளமும் அப்போது கிடையாது, தந்திக் கம்பியும் கிடையாது. கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ வரை ஏறக்குறைய 1,900 மைல், அதைப் பத்து நாளில் கடக்க வேண்டும். இந்தச் சேவையை நடத்திய ரஸ்ஸல், மேஜர்ஸ், வாடெல் என்ற மூன்று கூட்டாளிகளும் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

முதல் நாளையே பாருங்கள். கிழக்கிலிருந்து தபாலைக் கொண்டுவந்த ஆள் டெட்ராய்ட்டில் ரயிலைத் தவறவிட்டுவிட்டார். இந்தப் பக்கம் கூட்டம் காத்திருக்கிறது. ஹனிபலில் ஒரு தனி ரயிலைத் தயார் செய்து, பாதையைக் காலி செய்துவிட்டு, 206 மைலை ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். மாலை ஏழேகால் மணி வாக்கில்தான் குதிரை கிளம்பியது. நேரே படகுத்துறைக்குப் போய், ஆற்றைக் கடந்து கான்சாஸ் கரையில் எல்வுட்டில் இறங்கி, இருட்டில் ஓட வேண்டியிருந்தது. அலுவலகம் இருந்த பட்டீ ஹவுஸ் ஓட்டல், குதிரைகள் நின்ற லாயம் இரண்டும் இன்று அருங்காட்சியகங்கள். போனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போங்கள். அலுவலகம், லாயம், ஆறு மூன்றும் எவ்வளவு பக்கத்தில் இருந்தன என்று அப்போதுதான் புரியும்.

அப்புறம் நிலையத்தின் வகை. பத்துப் பதினைந்து மைலுக்கு ஒரு சிறு நிலையம், அங்கே குதிரை மட்டும் மாறும். 75 முதல் 100 மைலுக்கு ஒரு பெரிய நிலையம், அங்கே ஆளே மாறுவார், சாப்பிடுவார், தூங்குவார். கான்சாஸில் மேரிஸ்வில் பெரிய வகை, அதன் கல் லாயம் இன்னும் நிற்கிறது. குதிரை மாற்ற இரண்டு நிமிடம்தான். அதற்காகவே மோச்சிலா என்று ஒரு தோல் விரிப்பு வைத்திருந்தார்கள். சேணத்தின் மேல் அப்படியே போர்த்தலாம், நான்கு மூலையிலும் பூட்டுப் போட்ட பைகள், உள்ளே எண்ணெய்ப் பட்டில் சுற்றிய கடிதங்கள். விரிப்பை உருவி அடுத்த குதிரை மேல் வீசி, அதன் மேல் உட்கார்ந்து கிளம்பிவிடலாம். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்காக லாயக்காரர் நாள் முழுக்கத் தீவனம் போட்டு, லாடம் பார்த்து, குதிரையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஊரின் பங்கு என்று நான் சொல்வது பெரும்பாலும் இந்த உழைப்பைத்தான். சவாரி செய்தவர்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், லாயக்காரர்களைத் தேடி எழுத ஆள் வேண்டும்.

எங்கே தேடுவது? அமெரிக்க அரசின் பழைய நில அளவை வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றில் பல இடங்களில் பாதையும் நிலையமும் குறித்திருக்கும். ஆங்கிலப் பயணி ரிச்சர்ட் பர்ட்டன் 1860-இல் இதே வழியில் கோச்சில் போய், நிலையங்களையும் இடைத்தூரங்களையும் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாக்ரமெண்டோவின் பழைய நாளிதழ்களும் இணையத்தில் இருக்கின்றன. ஒன்று மட்டும் கவனம், ஊரே இடம் மாறியிருக்கலாம். கொலராடோவின் ஜூல்ஸ்பர்க் 1865-இல் எரிக்கப்பட்டது. பிறகு வேறு வேறு இடங்களில் எழுந்தது, இன்றைய ஊர் இருப்பது பழைய இடத்தில் இல்லை.

சில கதைகளை நம்பி எழுதிவிடாதீர்கள். சவாரிக்கு ஆள் எடுக்க வந்ததாகச் சொல்லப்படும் ‘அனாதைகளுக்கு முன்னுரிமை’ என்ற புகழ்பெற்ற விளம்பரம் அந்தக் காலத்துப் பத்திரிகை எதிலும் கிடைக்கவில்லை. செயின்ட் ஜோசப்பிலிருந்து முதலில் கிளம்பியது ஜானி ஃப்ரையா, பில்லி ரிச்சர்ட்சனா என்பதும் இன்னும் தீராத வழக்கு, எழுதினால் இரண்டு பெயரையும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, மாதவாரியாகப் பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தந்திக் கம்பி நீள நீள ஊர்களின் வேலையும் மாறியது. 1860 நவம்பரில் அதிபர் தேர்தலில் லிங்கன் வென்ற செய்தி நெப்ராஸ்காவின் ஃபோர்ட் கியர்னி வரை கம்பியில் வந்தது, அங்கிருந்து நெவாடாவின் ஃபோர்ட் சர்ச்சில் வரை குதிரையில் போனது, பிறகு மறுபடி கம்பி. அந்த ஒரு செய்தியைப் பொறுத்தவரை செயின்ட் ஜோசப் தொடக்க ஊரே இல்லை. அதனால் உங்கள் ஊரைப் பற்றிக் குறிப்பு எழுதும்போது ‘1860 ஏப்ரலில் இது, நவம்பரில் இது, 1861 அக்டோபரில் இது’ என்று தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். 1861 அக்டோபர் 24-இல் இரு பக்கக் கம்பிகளும் சால்ட் லேக் சிட்டியில் இணைந்தன, உங்கள் குறிப்பை அந்தத் தேதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.