கொழும்பை விட்டு ஊர்ப்பக்கம் குடிபோக நினைக்கும் தன்பாலினத் தம்பதிக்கு

வெள்ளவத்தை அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் பெயரே தெரியாது. கிராமத்தில் முதல் கிழமையே "நீங்க ரெண்டு பேரும் சொந்தமோ?" என்று கேட்டுவிடுவார்கள். என்ன பதில் சொல்வதென்று இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு கதை சொன்னால் ஊர் மூன்றாவது கதையைக் கட்டிவிடும். தன்பாலின உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இருப்பதால் எல்லோரிடமும் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

அறுகம்பை, எல்ல போன்ற இடங்களில் வெளியாட்கள் புதிதல்ல. ஆனால் சுற்றுலாப் பயணியிடம் காட்டும் சிரிப்பை நம்பிக் காணி வாங்காதீர்கள். சீசன் முடிந்த பிறகு இரண்டு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தாலே பாதி விளங்கும்: வேற்று மதத்தில் கட்டியவர்களை, தனியாக வாழும் பெண்ணை எப்படிப் பேசுகிறார்கள்? அவர்களை விட்டுவைக்கிற ஊர் உங்களையும் பெரும்பாலும் விட்டுவைக்கும்.

வீட்டுக்காரர் அதே வளவுக்குள் இருக்கிறாரா என்று பாருங்கள். வாசலும் கிணறும் தனியாக இருந்தால் நிம்மதி. வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். ஒருவருக்கு ஏதும் ஆனால் மற்றவர் தெருவில் நிற்கக் கூடாது. அப்புறம், கிராம சேவகரை நீங்களே போய்ச் சந்தியுங்கள், அவராகத் தேடி வரும்வரை இருக்க வேண்டாம்.

சட்டச் சந்தேகம் வந்தால் கொழும்பில் 2004 முதல் தன்பாலினத்தவர் உரிமைக்காக இயங்கும் ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பிடம் கேட்கலாம்.