லீ மார்வினின் முரட்டு நடிப்பைப் பார்த்துப் பழகுவது எப்படி?

1924இல் நியூயார்க்கில் பிறந்த அமெரிக்கத் திரைப்பட நடிகர் லீ மார்வினின் நடிப்பை அறிய விரும்புவோர், அவருக்கு ஆஸ்கார் விருது பெற்றுத்தந்த 'கேட் பாலூ'வில் தொடங்காமல், 1953இல் வெளிவந்த 'தி பிக் ஹீட்' படத்தையே முதலில் பார்க்க வேண்டும். அதில் அடியாளாக வரும் அவர் கொதிக்கும் காபியைக் காதலியின் முகத்தில் வீசுவது திரையில் காட்டப்படுவதில்லை. பாத்திரத்தை எடுக்கும் வேகமும், அதைத் தொடரும் அலறலுமே நம்மை நடுங்க வைப்பதைக் கூர்ந்து கவனியுங்கள்.

அடுத்து, அமெரிக்க மரைன் படைவீரராக 1944இல் பசிபிக் பெருங்கடலிலுள்ள சைப்பான் தீவில் போரிட்டுப் படுகாயமடைந்தவர் அவர் என்பதை மனத்தில் இருத்தி, 1967இல் வந்த 'பாயிண்ட் பிளாங்க்' படத்தைப் பாருங்கள். வன்முறையின் விலையை உடலால் அறிந்தவர் என்பதால்தான் அவருடைய அசைவுகளில் வீண் ஆர்ப்பாட்டம் இல்லை என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

'கேட் பாலூ'வைக் கடைசியாகப் பார்த்தால், குடிகாரத் துப்பாக்கி வீரனின் தள்ளாட்டத்திலும் அதே கட்டுப்பாடு தெரியும்.