வகுப்பாசிரியர்களே, "அப்புறம் கொண்டு வா" என்று சொல்லாதீர்கள்

சென்ற வாரம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புக்கு இந்த ஆண்டுதான் வகுப்பாசிரியராகியிருக்கும் இளம் ஆசிரியையிடம் ஒரு பையன் வந்து நின்றான். ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்து திரும்பியவன். "டாக்டர் சீட்டு அம்மாவிடம் இருக்கிறது மிஸ்" என்றான். அவரும் கனிவாக, "பரவாயில்லை, அப்புறம் கொண்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

என் பேனா நின்றுவிட்டது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் இதே சொற்களை, இதே கனிவோடு, நானும் சொன்னேன். அதற்கான தண்டனை எனக்கு வரவில்லை. ஒரு மாணவிக்கு வந்தது.

நான் வேலை செய்வது சி.பி.எஸ்.இ. பள்ளியில். பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் தெரியும். வகுப்பை வெட்டிவிட்டு ஊர் சுற்றுவது தவறு என்று சொல்ல ஒரு கட்டுரை தேவையில்லை. நல்ல பிள்ளைகளும் அக்கறையுள்ள பெற்றோரும் நம்மைப் போன்ற ஆசிரியர்களும் சேர்ந்து செய்கிற தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

விடுப்புக் கடிதம் கொடுத்தால் வந்ததாகக் கணக்கு என்று நினைப்பது

இல்லை. கடிதம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வராத நாள் வராத நாள்தான். சதவீதம் குறையத்தான் செய்யும். "சொல்லிவிட்டுத்தானே போனோம்" என்று பெற்றோர் வாதாடுவார்கள். சொல்லாமல் போனால் ஒழுங்கு நடவடிக்கை வரும், சொல்லிவிட்டுப் போனால் அது வராது. அவ்வளவுதான் வேறுபாடு. கடிதமும் சான்றிதழும் பயன்படுவது வேறோர் இடத்தில்: வருகை குறைந்துபோனால் விலக்கு கேட்டு வாரியத்துக்கு விண்ணப்பிக்கும்போது.

சதவீதத்தை டிசம்பரில் எட்டிப் பார்ப்பது

ஓர் எளிய கணக்கு. ஆண்டுத் தொடக்கத்திலிருந்து ஜனவரி 1 வரை 190 வேலை நாள் என்று வையுங்கள். 75 சதவீதம் என்றால் 143 நாள் வர வேண்டும். நூறு நாள் முடிந்த நிலையில் ஒருவன் 60 நாள்தான் வந்திருக்கிறான். மீதமுள்ள 90 நாளில் 83 நாள் வந்தால் தப்பிக்கலாம். கடினம், ஆனால் முடியும். இதே 60 சதவீதத்தில் 130 நாள் ஓடிவிட்டால்? வந்தது 78. இன்னும் 65 நாள் வேண்டும்; இருப்பதோ 60 நாள். அதற்குப் பிறகு அவன் தூங்காமல் வந்தாலும் எட்டாது.

ஆகவே மாதக் கடைசியில் ஒரு முறை கூட்டிப் பாருங்கள். எண்பதுக்குக் கீழே இறங்கியவர்களின் பெற்றோருக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். வாசலில் பார்த்தபோது சொன்னேன் என்பதெல்லாம் பிறகு எந்த ஆவணத்திலும் இருக்காது.

"அப்புறம் கொண்டு வா"

அந்த மாணவிக்கு ஜூலையில் மஞ்சள் காமாலை. பாட்டி ஊருக்கு அழைத்துப் போய் முதலில் கீழாநெல்லி கொடுத்தார்கள். பிறகு அங்கேயே ஒரு சிறிய கிளினிக்கில் காட்டினார்கள். 23 நாள் கழித்து, கண்கள் இன்னும் மங்கலாக, பாதி எடையில் திரும்பி வந்தாள். அவள் அப்பா பள்ளி வாசலில் நின்று, "சர்ட்டிபிகேட் வாங்கித் தரணுமா டீச்சர்?" என்று கேட்டார். பொறுப்பான மனிதர். கேட்கத்தான் செய்தார். நான்தான், "முதலில் பிள்ளை தேறட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக அன்று எனக்குள் ஒரு திருப்தி வேறு.

அதன் பிறகு தாத்தா இறந்தார். சித்தி கல்யாணம் வந்தது. இடையிடையே உடம்பு படுத்தியது. இரண்டு மூன்று நாளாகச் சேர்ந்து அதுவே 30 நாள் ஆகிவிட்டது. கணக்கு முடித்தபோது 190-க்கு 137. 72 சதவீதம். ஆறு நாள் குறைவு.

ஆறே நாள்! கையில் 23 நாளுக்கு நியாயமான காரணம் இருந்தது. காகிதம் இல்லை. அப்பா பாட்டி ஊருக்கு ஓடினார். ஜூலையில் பார்த்த நோயாளிக்கு ஜனவரியில் முன்தேதி போட்டுச் சான்றிதழ் தர முடியாது என்று அந்த மருத்துவர் மறுத்துவிட்டார். அவர் செய்ததுதான் சரி. ரத்தப் பரிசோதனை முடிவு? தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது பழைய காகிதத்தோடு போய்விட்டது. கீழாநெல்லிக்கு யார் ரசீது தருவார்கள்? அப்பா எழுதிய கடிதத்தை மட்டும் வைத்து அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்தது. அவள் அந்த ஆண்டு தேர்வு எழுதவில்லை.

அவர் என்னிடம் சத்தம் போடவில்லை. "நீங்கள்தானே டீச்சர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள்" என்று மட்டும் கேட்டார். இன்றும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் அந்த இளம் ஆசிரியையைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. கோபம் அவர்மேல்தானா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இப்போது நிலைமை இன்னும் இறுக்கம். 2024 அக்டோபரில் வாரியம் வெளியிட்ட நடைமுறைப்படி ஜனவரி 1 அன்று உள்ளபடி வருகை கணக்கிடப்படும். குறைவுள்ளவர்களின் விண்ணப்பம் உரிய சான்றுகளோடு ஜனவரி 7-க்குள் மண்டல அலுவலகம் போய்ச் சேர வேண்டும். நடுவில் இருப்பது ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் ஆறு மாதத்துக்கு முந்தைய காகிதத்தைத் தேடிக் கண்டுபிடிக்க யாராலும் ஆகாது. மருத்துவ விடுப்பு எடுத்தால் உடனே சான்றுகளைக் கொடுத்துவிட வேண்டும் என்று அந்த நடைமுறையே சொல்கிறது.

பிள்ளை திரும்பி வரும் அன்றே வாங்கிவிடுங்கள். சான்றிதழ் மட்டும் போதாது. மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சுருக்கக் குறிப்பு, எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். மருத்துவரின் பதிவு எண்ணும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, புதியவர்கள் யாரும் கவனிக்காதது: தேதிகள். சான்றிதழ் 12 முதல் 25 வரை ஓய்வு என்று சொல்லும். பதிவேட்டில் பிள்ளை 27 வரை வந்திருக்க மாட்டாள். அந்த இரண்டு நாளுக்குப் பெற்றோரிடம் தனிக் கடிதம் வாங்கிவிடுங்கள். நான் இப்போது ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் உறை வைத்திருக்கிறேன். வகுப்புக்கு நாற்பது உறை. சக ஆசிரியர்கள் என்னைத் தபால்காரம்மா என்று கேலி செய்கிறார்கள்.

25 சதவீதம் நமக்கு உரிய விடுமுறை என்று எண்ணுவது

அந்தத் தளர்வு கடும் நோய், பெற்றோரின் மரணம், தேசிய அல்லது சர்வதேச விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்காக வைத்திருப்பது. ஜூனிலேயே சுற்றுலாவுக்குச் செலவழித்துவிட்டு, நவம்பரில் டெங்கு வந்தால் தவிக்க வேண்டியதுதான்.

பயிற்சி மையத்துக்குப் போகிறவனுக்கு வருகை போட்டுக் கொடுப்பது

போடாதீர்கள். வாரியம் சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கு வருகிறது.

பென்சிலில் குறிப்பது

வேண்டாம். வெள்ளை மையும் வேண்டாம். தவறாகிவிட்டால் ஒரு கோடு அடித்து, சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடுங்கள்.

நாம் விடுப்பில் போகும் நாள்

பதிவேட்டில் அதிகம் பிசகும் நாள் இதுதான். பதிலுக்கு வந்த ஆசிரியர் பெயர் கூப்பிட மறந்திருப்பார். கட்டம் காலியாக இருக்கும். மறுநாள் நாம் வந்து, "நேற்று யாரெல்லாம் வரவில்லை?" என்று வகுப்பைக் கேட்டு நிரப்புவோம். பிள்ளைகள் நண்பர்களைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். பிடிக்காதவர்களை விடவும் மாட்டார்கள். இப்போதெல்லாம் விடுப்புச் சொல்லத் தொலைபேசியில் அழைக்கும்போதே, முதல் பாடவேளைக்கு யார் போகிறார் என்று கேட்டு, அவரிடம் வராதவர்களின் வரிசை எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி என் மேசையில் வைக்கச் சொல்லிவிடுகிறேன்.